குடைவு வில்: எல்டர் மரமும் அதன் வளைவு நுட்பமும்

உட்குழிந்த பொருள்கள் எடைக்கு எடை ஒப்பிடுங்கால் திண்மையான பொருள்களைவிட வலிமை மிக்கவை என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. நாணலின் தண்டும், பறவையின் எலும்பும், மிதிவண்டியின் சட்டமும் இதற்குச் சான்றுகளாகக் கூறப்படுகின்றன. 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் கலிலியோ இவ்வுண்மையை எடுத்து விளக்கினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கையால் மரவில் செய்வோருட் சிலர் வில்லின் உட்பக்கத்தை வாய்க்கால்போல் குடைந்து விடுகின்றனர். இதற்கு அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் மரங்களுள் ஒன்று எல்டர். வில்லைக் குடைவதனால் அது எடை குறைந்து விரைவு பெறுகிறது என்று சொல்லப்படுகிறது. இக்கூற்றில் உண்மை எவ்வளவு, அதற்குக் கொடுக்கவேண்டிய விலை யாது என்பதை அறியாமல் உளியை எடுப்பவரின் வில் முறிந்துபோகக்கூடும். பல மாதங்கள் உலர்த்திய மரம் வீணாவதோடு, முறிந்த சிம்பு முகத்தில் பாயும் அபாயமும் உண்டு. ஆகவே குடைவு வில்லின் நுட்பத்தைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையதாகும்.

எல்டர் மரம்

எல்டர் என்பது சாம்புகஸ் நைக்ரா என்னும் தாவரப் பெயர் கொண்ட சிறு மரம். ஐரோப்பாவில் வேலியோரங்களிலும் காட்டு விளிம்புகளிலும் இது ஏராளமாக வளர்கிறது. எதிரெதிராக அமைந்த கூட்டிலைகளும், குடைபோல் விரிந்த வெண்ணிறப் பூங்கொத்துகளும், கருமையான சிறு கனிகளும் இதன் அடையாளங்கள். இமயமலைப் பகுதிகளில் இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு இனங்கள் காணப்படினும், அவை வில்லுக்கேற்ற கெட்டியான மரத்தைத் தருவன அல்ல.

எல்டரின் இளந்தண்டை வெட்டிப் பார்த்தால் அதன் நடுவே வெண்ணிறமான, மிக மென்மையான சோற்றுப் பகுதி அகன்று நிறைந்திருப்பதைக் காணலாம். இதனை ஒரு குச்சியால் தள்ளியே நீக்கிவிடலாம். தண்டு உடனே குழலாகிவிடும். மேனாட்டுச் சிறுவர் இதைக் கொண்டு ஊதுகுழல்கள் செய்து விளையாடினர். கலிபோர்னியாவின் பழங்குடியினர் அங்கு வளரும் எல்டர் இனத்தின் தண்டினால் புல்லாங்குழலும் தாளக்கோலும் செய்தனர். இயற்பியல் ஆய்வறைகளில் மின்னேற்றத்தைக் காட்டத் தொங்கவிடப்படும் சிறு உருண்டைகள் மேனாடுகளில் இந்தச் சோற்றினாலேயே செய்யப்பட்டன. நம் நாட்டுப் பள்ளிகளில் அவ்விடத்தை நிரப்பியது நெட்டியாகும். தஞ்சையில் அழகிய கோவில் உருவங்கள் செய்யப் பயன்படும் அதே நெட்டிதான். ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நெட்டி என்பது தாவரவியல் முறைப்படி மென்மையான மரப்பகுதி. எல்டரினுடையது தண்டின் உண்மையான நடுச்சோறு.

முதிர்ந்த எல்டரின் நிலை வேறு. ஆண்டுதோறும் புதிய மரவளையங்கள் சேரச் சேரச் சுவர் கனத்து, சோறு நடுவில் ஒரு சிறு துவாரத்தின் அளவாகவே எஞ்சுகிறது. மரமோ மஞ்சள் கலந்த வெண்மையுடன் நெருங்கிய அமைப்புக் கொண்டு கெட்டியாக விளங்குகிறது. சீப்பு, முளை, சிறு கைப்பிடி முதலியவை இதனால் செய்யப்பட்டு வந்தன. இத்தகைய தண்டை நடுவே பிளந்தால் ஒவ்வொரு பாதியின் உட்பக்கத்திலும் சோறு இருந்த இடம் ஓர் இயற்கையான வாய்க்காலாக அமைந்துவிடுகிறது. குடைவு வில்லுக்கு எல்டர் ஏற்றதாகக் கருதப்படுவதன் முதற் காரணம் இதுவே. கைவினைஞர் செய்வதெல்லாம் இயற்கை தொடங்கிய வாய்க்காலை அளவறிந்து அகலப்படுத்துவதுதான்.

வளைவில் மரம் படும் விசைகள்

அம்பு செல்லும் திசையை நோக்கிய பக்கத்தை வில்லின் புறம் என்றும், வில்லாளனை நோக்கிய பக்கத்தை அகம் என்றும், பிடியின் மேலும் கீழும் நீண்டுள்ள பகுதிகளைக் கைகள் என்றும் கொள்வோம். நாணை இழுக்கும்போது கைகள் வளைகின்றன. அப்போது புறத்திலுள்ள நார்கள் நீட்டப்படுகின்றன. அகத்திலுள்ள நார்கள் அமுக்கப்படுகின்றன. இரண்டுக்கும் இடையில் நீட்சியும் அமுக்கமும் இல்லாத ஒரு தளம் உண்டு. அது நடுநிலைத் தளம் எனப்படும். ஒரு நார் இத்தளத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளதோ அவ்வளவுக்கு அது தாங்கும் திரிபு மிகுதியாகும். தளத்தை ஒட்டிய மரம் ஏறக்குறைய வேலையின்றி இருக்கிறது.

செவ்வக வெட்டுமுகமுள்ள கையின் விறைப்பு அதன் அகலத்தைப் பொறுத்து நேராகவும், கனத்தின் மும்மடியைப் பொறுத்தும் மாறுகிறது. அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்கே குறையும். கனத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலோ விறைப்பு 27 சதவீதம் குறைந்துவிடும். உளி ஒரு முறை கூடுதலாகப் பாய்ந்தால் வில்லின் ஒரு கை ஏன் உடனே சோர்ந்துவிடுகிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

நேரிழை கொண்ட உலர்ந்த மரம் பொதுவாக அமுக்கத்தைவிட இழுப்பையே மிகுதியாகத் தாங்கும். ஆதலின் குறையற்ற மரவில்லில் முதலில் தளர்வது அகப்பக்கமே. அகத்தின் நார்கள் நசுங்கி, நாண் கழற்றிய பின்னும் வில் ஓரளவு வளைந்தே நிற்கும். நசுங்கல் மிகுமாயின் அகத்தில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தோன்றும். ஆனால் சிறு விட்டமுள்ள தண்டிலிருந்து செய்த வில்லுக்குப் பிறிதொரு ஆபத்து உண்டு. அதன் புறம் உருண்டு முகடுபோல் உயர்ந்திருப்பதால், முகட்டின் குறுகிய கீற்று ஒன்றே பெரும்பகுதி இழுப்பைச் சுமக்கிறது. அகமோ தட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் நடுநிலைத் தளம் அகத்தின் பக்கம் சாய்ந்து, முகடு மேலும் தொலைவாகிவிடுகிறது. அத்தகைய வில் முகட்டில் சிம்பு எழுந்து முறியக்கூடும்.

துளையும் பள்ளமும்

இங்கு ஒரு வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். முழுவட்டமான கோல் ஒன்றின் நடுவே, அதன் விட்டத்தில் பாதியளவு விட்டமுள்ள துளை இருப்பதாகக் கொள்வோம். கோலின் பொருளில் 25 சதவீதம் நீங்கிவிட்டது. ஆயினும் விறைப்பில் குறைவது சற்றேறக்குறைய 6 சதவீதமே. நீங்கியது நடுநிலைத் தளத்தை ஒட்டிய, வேலையற்ற பொருள் என்பதே காரணம். கலிலியோ கூறியது இத்தகைய மூடிய துளையைப் பற்றியதாகும்.

இப்போது அரைவட்ட வெட்டுமுகமுள்ள கோலை எடுத்து, அதன் தட்டைப் பக்கத்தில் பாதி விட்டமுள்ள அரைவட்டப் பள்ளம் குடைவோம். இங்கும் நீங்குவது 25 சதவீதப் பொருளே. ஆனால் விறைப்பு 28 சதவீதம் குறைந்துவிடுகிறது. இழப்பு துளையின் இழப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல். குடைந்தெடுத்தது வேலையற்ற மரம் அன்று. அமுக்கத்தைச் சுமந்த அகப்பக்க மரம். ஆகவே துளையின் நன்மையைப் பள்ளத்துக்கு ஏற்றிச் சொல்வது பிழை.

அவ்வாறாயின் பள்ளத்தால் பயன் ஏதுமில்லையா? பயன் உண்டு, அது வேறு வகையானது. பள்ளம் குடைந்ததும் நடுநிலைத் தளம் அகத்திலிருந்து விலகிப் புறத்தை நோக்கி நகர்கிறது. மேற்கூறிய எடுத்துக்காட்டில், ஒரே அளவு வளைவுக்குப் புற முகட்டின் நீட்சி 12 சதவீதம் குறைகிறது. அகப்பக்க விளிம்புகளின் அமுக்கமோ 17 சதவீதம் கூடுகிறது. முகட்டின் சுமையில் ஒரு பங்கு குறைய, விளிம்புகளின் சுமை பெருகுகிறது என்பதே குடைவின் சாரம்.

எடையைப் பற்றியும் இவ்வாறே கணக்கிடலாம். குடைந்த கோலுக்குப் பழைய விறைப்பையே தரவேண்டுமானால் அதன் ஆரத்தை ஏறத்தாழ 8.5 சதவீதம் பெரிதாக்கவேண்டும். அப்போது எடை சுமார் 12 சதவீதம் குறைவாகவே இருக்கும். முகட்டின் நீட்சி 5 சதவீதம் குறைவு; விளிம்புகளின் அமுக்கமோ 27 சதவீதம் மிகுதி. எடையில் கிடைத்த சேமிப்பு விளிம்புகளின் செலவில் கிடைத்ததேயாகும்.

இச்சேமிப்பு எதற்கு உதவும் என்பதையும் ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 20 கிலோகிராம் எடையைத் தாங்கும் அளவு விசையுடன் அரை மீட்டர் இழுக்கப்படும் வில்லில் சேமிக்கப்படும் ஆற்றல் ஏறத்தாழ 49 ஜூல். இதில் ஒரு பகுதி கைகளையே முன்னோக்கி இயக்குவதில் செலவாகிறது. எஞ்சிய ஆற்றல் 30 ஜூல் எனில், 25 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 49 மீட்டர் வேகத்தில் செல்லும். கைகள், சிறப்பாக அவற்றின் நுனிகள், இலேசாக இருப்பின் அம்புக்குக் கிடைக்கும் பங்கு உயரும். பிடியை அடுத்த மரம் சிறிதே அசைவதால் அங்கு எடை குறைப்பதனால் வேகம் பெரிதும் கூடுவதில்லை.

பள்ளமான வெட்டுமுகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது வளையும்போது தட்டையாக முயல்கிறது. மெல்லிய குழாய்கள் வளைவில் நசுங்கித் தட்டையாவதை 1927ஆம் ஆண்டில் பிரேசியர் என்னும் ஆங்கிலேய அறிஞர் கணித முறையில் விளக்கினார். திறந்த பள்ளத்தில் இது மேலும் எளிதாக நிகழ்கிறது. விளிம்புகள் பக்கவாட்டில் விரிகின்றன. கையின் உயரம் குறைகிறது. இதனால் விளிம்புகளின் அமுக்கம் ஓரளவு தணிவது நன்மை. ஆனால் விரியும்போது பள்ளத்தின் அடிப்பகுதி குறுக்காக இழுக்கப்படுகிறது. மரம் நாரின் குறுக்கே மிகவும் வலிமை குன்றியது. ஆதலின் பள்ளத்தின் அடியில் நீளவாட்டில் வெடிப்புத் தொடங்குவதே குடைவு வில்லுக்கே உரிய சேதமாகும்.

மரத்தைத் தேர்ந்து உலர்த்தல்

70 சென்டிமீட்டர் இழுப்புக்கு 170 முதல் 175 சென்டிமீட்டர் நீளமுள்ள வில் பொருந்தும். 6 முதல் 8 சென்டிமீட்டர் விட்டமுள்ளதும், முறுக்கும் கிளைக்கணுக்களும் இல்லாததுமான நேரான தண்டைத் தேர்ந்தெடுத்து, இலையுதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டுவது வழக்கம். எல்டர் உலரும்போது வெடிக்கும் இயல்புடையது. ஆகவே வெட்டிய உடனே முனைகளில் மெழுகோ வண்ணமோ பூசி, தண்டை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, சோற்றை நீக்கிவிட வேண்டும்.

மரம் வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, ஆரத்தின் போக்கில் சுருங்கும் அளவைவிடப் பெரும்பாலும் இரு மடங்காகும். முழுத்தண்டை அப்படியே உலர்த்தினால் இவ்வேறுபாட்டின் விளைவாக அது புறத்திலிருந்து நடுவரை பிளந்துவிடும். பிளந்த பாதியோ தடையின்றிச் சுருங்குகிறது. பிளந்த பாதியை வில்லின் உருவத்துக்குச் சற்றுப் பெரிதாகச் செதுக்கி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் பல மாதங்கள் வைத்திருப்பர். வாரத்துக்கொரு முறை நிறுத்து எடையைக் குறித்துவந்தால், எடை மாறாமல் நிற்கும்போது மரம் சூழலுக்கேற்ப உலர்ந்துவிட்டது எனத் தெளியலாம்.

எல்டரின் இலை, பட்டை, பசுந்தண்டு, பழுக்காத கனி ஆகியவற்றில் சயனைடை வெளிப்படுத்தக்கூடிய நச்சுப்பொருள் உண்டு. பசுந்தண்டில் செய்த குழலை வாயில் வைத்து ஊதுதல் தகாது. பட்டை உரித்தபின் கைகளைக் கழுவவேண்டும்.

குடைதல்

புறப்பக்கத்தில் பட்டையை மட்டும் கவனமாக உரித்து, அதன் கீழுள்ள வெளி மரவளையத்தைச் சிறிதும் வெட்டாமல் விடவேண்டும். அந்த வளையத்தின் நார்கள் முனை முதல் முனை வரை அறுபடாமல் ஓடுவதே வில்லின் உயிர்.

பிடியில் 20 சென்டிமீட்டர் நீளமும், நாண் பூட்டும் நுனிகளில் சில சென்டிமீட்டரும் குடைவு கூடாது. பிடி திண்மையாக இராவிடில் கையில் அழுத்தும். நுனி திண்மையாக இராவிடில் நாண் அதனைப் பிளக்கும். இடைப்பட்ட பகுதியில் வளைந்த வாயுடைய உளியால் நார் ஓடும் திசையிலேயே சிறிது சிறிதாகக் குடையவேண்டும். பள்ளத்தின் வளைவு புறத்தின் வளைவைப் பின்பற்றுமாறு அமைந்தால் சுவர் எங்கும் ஒரே கனமுடையதாக இருக்கும். தொடக்கத்தில் சுவர் 12 மில்லிமீட்டருக்குக் குறையாதிருப்பது நலம். பின்னர் வளைவைப் பார்த்துக் குறைக்கலாம். குறைத்ததை மீண்டும் கூட்ட இயலாது.

பள்ளத்தின் அடி கூரிய மூலையாக அமைதல் கூடாது. மேலே கூறிய குறுக்கிழுப்பு அம்மூலையில் குவிந்து வெடிப்பை உண்டாக்கும். விளிம்புகளையும் கத்திபோல் மெலியவிடாமல் அகலமாக விட்டு, ஓரங்களை உருட்டவேண்டும். கூடுதல் அமுக்கத்தைச் சுமப்பவை அவையே. பள்ளமும் பிடியும் சந்திக்கும் இடத்தில் ஆழம் படிப்படியாகக் குறையவேண்டும். குடைந்த கையை இடையிடையே நரம்பாலோ பட்டு நூலாலோ இறுகச் சுற்றிப் பசையிடுவது விளிம்புகள் மிகையாக விரியாமல் தடுக்கும்.

வளைவைச் சரிபார்த்தல்

வில்லின் பிடியைச் சுவரில் பொருத்திய ஒரு கட்டையின்மேல் வைத்து, நாணில் கயிறு கட்டி, கப்பியின் வழியாகக் கீழே இழுத்து, எட்ட நின்று வளைவைக் கவனிப்பது பாதுகாப்பான முறை. முதலில் சில சென்டிமீட்டரே இழுக்கவேண்டும். விறைத்து நிற்கும் இடத்தைக் கரிக்கோலால் குறித்து அங்கு மட்டும் சுரண்டவேண்டும். மிகுதியாக வளையும் இடத்தைத் தொடலாகாது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் பலமுறை சிறிதளவு இழுத்து விட்டு, மரம் புதிய நிலைக்குப் பழகிய பின்னரே அடுத்த அளவுக்குச் செல்லவேண்டும். கருதிய விசையை மீறி ஒருபோதும் இழுத்தல் கூடாது.

நாண் கழற்றியதும் வில் எவ்வளவு வளைந்து நிற்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் அளந்து எழுதிவைப்பது நன்று. அவ்வளவு திடீரெனக் கூடினால் அகப்பக்க விளிம்புகள் நசுங்கத் தொடங்கிவிட்டன என்பது பொருள். அப்போது இழுப்பைக் குறைத்துக்கொள்வதன்றி வேறு வழியில்லை. அம்பின்றி நாணை இழுத்து விடுதல் எந்த வில்லுக்கும் கேடு. குடைவு வில்லுக்கு முறிவேயாகலாம்.

வகுப்பறையில் செய்யத்தக்க இரு சோதனைகள்

முதலாவது: தச்சர் பயன்படுத்தும் சுருள் எஃகு அளவு நாடாவை எடுத்து, அதன் பள்ளம் மேல்நோக்கி இருக்குமாறு கிடையாக நீட்டவேண்டும். கணிசமான நீளம் வரை அது தாங்கி நிற்கும். பின்னர் முகடு மேல்நோக்கி இருக்குமாறு திருப்பி நீட்டினால் அதைவிடக் குறைந்த நீளத்திலேயே மடிந்துவிடும். முதல் நிலையில் விளிம்புகள் இழுக்கப்படுகின்றன. இரண்டாம் நிலையில் அமுக்கப்படுகின்றன. குடைவு வில் வளைவது இந்த இரண்டாம் நிலையிலேயாகும். நாடா மடிந்த இடத்தில் பள்ளம் மறைந்து தட்டையாகியிருப்பதையும் மாணவர் காணலாம். மரச்சுவர் கனமாக இருக்கவேண்டியதன் காரணம் அவர்களுக்குத் தானே விளங்கும்.

இரண்டாவது: ஒரே அளவுள்ள இரண்டு தடித்த தாள்களுள் ஒன்றைச் சுருட்டி ஓரத்தை ஒட்டிக் குழாயாக்கவேண்டும். மற்றொன்றை அரைவட்ட வாய்க்காலாக வளைக்கவேண்டும். இரண்டையும் தனித்தனியே இரு புத்தகங்களின் இடையே பாலமாக வைத்து, வாய்க்காலின் பள்ளம் மேல்நோக்கி இருக்க, நடுவில் நூலால் தொங்கவிட்ட தட்டில் நாணயங்களை ஒவ்வொன்றாக இடவேண்டும். வாய்க்காலின் விளிம்புகள் முதலில் நெளிந்து பின் மடிவதையும், மூடிய குழாய் அவ்வாறு எளிதில் நெளியாமையையும் ஒப்பிட்டுக் காட்டலாம்.

நம் நாட்டு மூங்கில்

இந்தியாவில் வில்லுக்குப் பெரிதும் பயன்படுவது மூங்கில். ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் முதலிய பகுதிகளில் வாழும் பீல் மக்கள் மூங்கிலால் வில் செய்வதோடு மூங்கில் நாரையே நாணாகவும் பூட்டுவர். அவர்களுடைய பெயரே வில் என்னும் திராவிடச் சொல்லோடு தொடர்புடையது என்பது அறிஞர் பலரின் கருத்து. முழு மூங்கில் மூடிய துளையுடைய கோல். அதன் கணுக்களின் உட்தடுப்புகள் தண்டு நசுங்காமல் காக்கின்றன. பிளந்த மூங்கிலோ எல்டரின் பாதித் தண்டைப்போல ஒரு வாய்க்காலே. அதன் வலிய நார்கள் வெளித்தோலை அடுத்து மிக நெருக்கமாகவும், உட்புறம் செல்லச் செல்ல ஐதாகவும் அமைந்துள்ளன. ஆதலின் உட்பக்கத்தைச் சீவும் கைவினைஞர் வலிமை குறைந்த பொருளையே நீக்குகிறார். எல்டரில் இந்தச் சலுகை இல்லை. அதன் அகப்பக்க மரமும் வேலை செய்யும் மரமே.

பழங்குடியினர் வாழும் பகுதிகளில் பணிபுரியும் களப்பணியாளர் வில்லைக் காணுங்கால் அதன் நீளத்தை மட்டும் குறித்துக்கொள்வது போதாது. பிடியின் அருகிலும், கையின் நடுவிலும், நுனியிலும் அகலம், கனம், பள்ளத்தின் ஆழம் ஆகியவற்றை அளந்து வெட்டுமுகத்தை வரைந்துகொள்ள வேண்டும். எப்பக்கம் புறமாக வைக்கப்பட்டுள்ளது என்பதையும், மரம் எப்பருவத்தில் வெட்டப்பட்டது என்பதையும் செய்தவரிடமே கேட்டு எழுதவேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டில் நிறைவேறிய பின் வில்லின் பழைய பயன் சுருங்கிவிட்டது. செய்வோர் குறையும்போது, எவ்விடத்தில் எவ்வளவு மரத்தை விடவேண்டும் என்ற அவர்களுடைய கையறிவும் மறைந்துபோகும். காட்சிக்காகச் சேகரித்த வில்லை நாண் ஏற்றிய நிலையில் சுவரில் மாட்டிவைத்தால் அதன் அகப்பக்கம் நாளடைவில் தளர்ந்து உண்மையான உருவம் கெட்டுவிடும். நாணைக் கழற்றி, கிடையாக, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தலே முறை.